மான்செஸ்டர் சம்பந்தியம்மாள்

என் மருமகளின் முன்னோர் மான்செஸ்டர் நகரில் மதுக்கடை நடத்தினார்கள். நான் அதை அன்னதானச் சத்திரம் என்று என் அக்காவிடம் சொன்னேன். வாய் தவறிச் சொல்லவில்லை. எதை விடுவது, எதைச் சேர்ப்பது என்று யோசித்துத்தான் சொன்னேன். அந்தப் பொய்யால் யாருக்கும் உடம்பில் காயமில்லை. யாருடைய சொத்தும் போகவில்லை. ஆனாலும் எண்பது தாண்டிய இந்த வயதில், சொன்னதில் எதைத் திரும்ப வாங்கிக்கொள்ள விரும்புகிறாய் என்று யாராவது கேட்டால், வேறு பலவற்றை விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாமல், என் நாக்கை நம்பி உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களை நான் ஒரே மூச்சில் ஏமாற்றினேன்.

எல்லாம் ஒரு புகைப்படத்தில் தொடங்கியது. தொண்ணூற்றாறாம் ஆண்டு, பனி உருகி முடிந்த சமயம். நியூ ஜெர்சியில் மான்மவுத் ஜங்ஷனில் இருந்த எங்கள் வீட்டுச் சமையலறை மேசைமேல் அவள் அதை வைத்தாள். அப்போது அவள் இன்னும் மருமகள் ஆகவில்லை. என் மகன் கட்டிக்கொள்ளப் போகும் பெண். பென்சில்வேனியாக்காரி, பள்ளிக்கூட நூலகர். தகப்பன் சின்ன வயதிலேயே விட்டுப் போய்விட்டார், தாயும் இறந்துவிட்டார், கூடப் பிறந்தவர்கள் இல்லை. எங்கள் ஆட்கள் கல்யாணப் பேச்சில் முதலில் கேட்கும் கேள்விக்கு, அதாவது நீங்கள் யார் வீட்டுப் பெண் என்பதற்கு, அவளிடம் பதிலே இல்லாமல் இருந்தது. அதனால்தானோ என்னவோ, தன் முன்னோரைத் தேடுவதில் அவளுக்கு ஒரு வெறி இருந்தது. இங்கிலாந்தில் வம்சாவளி தேடுபவர்களுக்கான பத்திரிகை ஒன்றில் விளம்பரம் கொடுத்து, தூரத்து உறவுக் கிழவர் ஒருவரைக் கண்டுபிடித்து, அவரிடமிருந்து அந்தப் படத்தின் நகலை வரவழைத்திருந்தாள்.

செங்கல் கட்டடம். தெரு முனையில் இருந்ததால் வாசல் மூலையில் திறந்தது. வாசலில் கறுப்பு உடையும் வெள்ளை ஏப்ரனுமாக ஒரு பெண், முழங்கை வரை சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, படம் எடுப்பவனைப் பார்த்து 'உனக்கு என்ன வேணும்' என்பதுபோல நின்றிருந்தாள். விக்டோரியா மகாராணியின் காலம். அவள் என் மருமகளுக்குக் கொள்ளுப்பாட்டியின் தாய். கணவன் நிலவறைப் படியில் விழுந்து இறந்தபின், நீதிபதிகள் முன்னால் போய் நின்று, உரிமத்தைத் தன் பெயருக்கு மாற்றி வாங்கி, வீடு நிறையக் குழந்தைகளோடு அந்த மதுக்கடையை, அவர்கள் சொல்லில் பப்பை, தானே நடத்தியவள். ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதவள் என்று அந்தக் கிழவர் எழுதியிருந்தாராம். "பாருங்கள் மாமா, அவள் நிற்கிற நிலையைப் பாருங்கள்," என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். மாமா என்ற ஒரு சொல்லை மட்டும் என் மகன் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தான். அதை அவள் மிஸ்டர் என்று சொல்வதுபோல மரியாதையாகச் சொல்வாள்.

என் மனைவி இறந்து அப்போது சில ஆண்டுகள் ஆகியிருந்தன. மருந்துக் கம்பெனியில் வேதியியலாளனாக இருந்த நான் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு, வீட்டில் புல் வெட்டிக்கொண்டும் வால்வோ காரைக் கழுவிக்கொண்டும் இருந்தேன். அந்தப் பெண்தான் என்னை வெளியே இழுத்தாள். பக்கத்து ஊர்த் தேவாலயம் ஒன்றின் அடித்தளத்தில் மைக்ரோஃபில்ம் பார்க்கும் அறை இருந்தது. சனிக்கிழமை தோறும் நான் டிரைவ் பண்ணிக் கூட்டிப்போவேன். வரவழைத்த சுருளை இயந்திரத்தில் மாட்டிக் கையால் சுழற்றினால், நூறு வருடத்துக்கு முந்தைய மக்கள்தொகைக் கணக்கு திரையில் ஓடும். அந்தக் காலத்துக் கணக்கெடுப்பாளர்களின் கோணல் எழுத்தைப் படிப்பதில் நான் கெட்டிக்காரன். ஆய்வகத்தில் மற்றவர்களின் கிறுக்கலைப் படித்தே முப்பது வருடம் ஓட்டியவன். அவள் சுழற்றுவாள், நான் படிப்பேன், அவள் எழுதிக்கொள்வாள். திரும்பும்போது ரூட் ஒன்றில் ஒரு டைனரில் காபி குடிப்போம். என் சொந்தப் பிள்ளையோடு நான் அவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்ததில்லை.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குப் பத்து வயது மூத்தவள், கோயம்புத்தூரில் இருந்தாள். அத்தான் பஞ்சாலைத் தொழிலாளி. மதுவிலக்கு இருந்த காலத்திலேயே அவருக்குக் குடிக்கக் கிடைத்தது. கடைகள் திறந்த பிறகு கேட்கவே வேண்டாம். சம்பள நாளில் அக்கா சாராயக்கடை வாசலில் போய் நிற்பாள். உள்ளே போகமாட்டாள், கூப்பிடவும் மாட்டாள், வாசலில் நிற்பாள். கடைக்காரன், "ஏம்மா, யாவாரத்தைக் கெடுக்காத, அக்கட்டால போய் நில்லு," என்று சொல்வானாம். இதை அவள் ஒரே ஒரு தடவைதான் என்னிடம் சொல்லியிருக்கிறாள். அத்தான் ஈரல் கெட்டு இறந்தபின், அந்த ஆலைத் தெருவிலேயே வீட்டில் மெஸ் வைத்தாள். கல்யாணமாகாத தொழிலாளிகளுக்கு மூன்று வேளைச் சாப்பாடு. தைப்பூசத்தில் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்குத் தண்ணீர்ப்பந்தல் போட்டு மோரும் புளிசாதமும் கொடுப்பாள். குடி நாற்றம் அடிக்கிறவனுக்கு மட்டும் அவள் கையால் தண்ணீர்கூடக் கிடைக்காது.

மகன் கல்யாணத்துக்குப் பெண்கள் தரப்பில் பெரியவளாக நின்று செய்ய அவள்தான் வர வேண்டியிருந்தது. அவள் வருவதற்கு முன் நான் செய்த முதல் காரியம், அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்கள் எல்லோரும் செய்வதுதான். வரவேற்பறை அலமாரியில் இருந்த ஸ்காட்ச், ஒயின் எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் அடுக்கி, இரண்டு வீடு தள்ளியிருந்த திருநெல்வேலி நண்பரின் கராஜில் கொண்டுபோய் வைத்தேன். அவருடைய அப்பா அம்மா வரும்போது அவருடைய பெட்டிகள் என் கராஜுக்கு வரும். "என்ன சார், அகதிங்க வந்தாச்சா?" என்று கேட்டபடியே பெட்டியை வாங்கிக்கொண்டார். காலியான அலமாரியில் என் மனைவியின் தஞ்சாவூர்த் தட்டையும் ஒரு பிள்ளையாரையும் வைத்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

கல்யாணத்துக்கு முந்தைய வாரம், சாப்பாட்டு மேசையில் அக்கா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நேராகக் கேட்டாள்: "ஏங்கண்ணு, உங்க பெரியவங்கல்லாம் என்ன தொழில் பண்ணீட்டிருந்தாங்க?"

நான் கேள்வியை மொழிபெயர்த்தேன். அவள் முகம் மலர்ந்தது. இத்தனை நாள் பதில் இல்லாமல் இருந்த கேள்விக்கு இப்போது அவளிடம் பதில் இருந்தது. ஓடிப்போய்ப் படத்தை எடுத்துவந்தாள். கொஞ்சம் பயமும் இருந்தது அவளிடம். அத்தானின் கதையை என் மகன் சொல்லியிருந்தான். இருந்தாலும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். கீழே பீப்பாய்களும் கவுன்டரும், மாடியில் வெளியூர்க்காரர்கள் தங்க இரண்டு அறைகள், சனிக்கிழமைகளில் பெரிய பானையில் ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் போட்டு வேகவைத்து ஆலைத் தொழிலாளிகளுக்குக் கொடுத்தது, கணவன் விழுந்து செத்தது, நீதிபதிகள் முன்னால் நின்றது. சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். அக்காவும் என்னைப் பார்த்தாள்.

நான் மாடி அறைகளை எடுத்துக்கொண்டேன். பானையையும் எடுத்துக்கொண்டேன். பீப்பாய்களை விட்டுவிட்டேன்.

"வழிப்போக்கங்களுக்குச் சோறு போட்டு, தங்கறதுக்கு எடம் குடுத்துட்டிருந்தாங்கக்கா. நம்ம ஊர்ச் சத்திரமாட்டம்."

"சும்மாவா போட்டாங்க?"

"சும்மாத்தாங்க்கா."

அந்தச் 'சும்மாத்தான்' எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை யோசிக்கிறேன். அக்காவின் மனம் நோகக் கூடாது என்பதற்காகச் சொன்னேன் என்று நெடுநாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மையில்லை. வெள்ளைக்காரப் பெண் என்றதும் ஊரில் ஏற்கெனவே பேச்சு. அதன் மேல் சாராயக்கடைக் குடும்பம் என்று போனால் என் மதிப்பு என்ன ஆகும் என்றுதான் நினைத்தேன். பாட்டில்களைக் கராஜுக்கு அனுப்பியதுபோல அந்தப் பெண்ணின் குடும்பத்தையும் கண்காணாமல் அனுப்பிவிட்டு, காலி இடத்தில் பிள்ளையாரை வைத்தேன்.

அக்கா படத்தை ஜன்னல் பக்கம் திருப்பி நெடுநேரம் பார்த்தாள். "புருசன் போனதுக்கப்புறம் இந்தம்மாவே நடத்துனாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அது உண்மை. "மில்லுக்காரங்களுக்கா சோறு போட்டாங்க?" ஆமாம் என்றேன். அதுவும் உண்மை. "என்னையாட்டமே ஒருத்தி, பாரேன்," என்றாள் அக்கா. அந்தப் பெண்ணின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து, தன் நெற்றிப் பொட்டில் விரல்களை வைத்து நெட்டி முறித்தாள்.

"என்ன சொல்கிறார்கள்?" என்று அவள் கேட்டாள். "உன் முன்னோரில் தன்னைப் பார்க்கிறாள்," என்றேன். அவள் அழுதுவிட்டாள். குடியால் இவ்வளவு இழந்த ஒருவர், குடி விற்றவளை இப்படி ஏற்றுக்கொள்ள முடிகிறதே என்று பிறகு காரில் போகும்போது என்னிடம் சொன்னாள். நான் இன்டிகேட்டரைப் போட்டு லேன் மாறினேன்.

அக்கா ஊருக்குப் போனாள். அடுத்த தைப்பூசத்துக்குப் பிறகு ஒரு கவர் வந்தது. உள்ளே தண்ணீர்ப்பந்தலின் புகைப்படம். ஓலைக் கொட்டகை, மோர்ப் பானைகள், காவடியோடு நிற்கும் நாலைந்து பேர், மேலே துணியில் பெரிய எழுத்தில் ஒரு பெயர்: 'மான்செஸ்டர் சம்பந்தியம்மாள் நினைவாக.' ஒவ்வொரு வருடமும் அத்தான் பெயரில் போடுகிற பந்தல் அது. இந்தத் தடவை அந்தப் பெயரை எடுத்துவிட்டு இதை எழுதியிருந்தாள். நான் அதை மருமகளுக்குப் படித்துச் சொன்னேன், ஒவ்வொரு சொல்லும் சரியாக. ஒரு பொய்கூடச் சொல்லாமல் பொய் சொல்ல முடியும் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன். அவள் அந்தப் படத்தைச் சட்டம் போட்டு, கறுப்பு உடைக்காரியின் படத்துக்குப் பக்கத்தில் தன் வீட்டு வரவேற்பறையில் மாட்டினாள்.

தொண்ணூற்றெட்டில் அவள் கர்ப்பமானாள். வளைகாப்புக்கு அக்கா மறுபடி வந்தாள். பாட்டில்கள் மறுபடி கராஜுக்குப் போயின. எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் கார்ப்பெட்டின்மேல் ஜமக்காளம் விரித்து, அலுமினிய ட்ரேக்களில் எலுமிச்சை சாதமும் தேங்காய் சாதமும் வந்து இறங்கின. மருமகள் அரக்குப் பட்டுப் புடவையில், மூச்சு முட்ட, சிரித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அக்கா அவளுக்கு வளையல் அடுக்கிக்கொண்டே, சுற்றியிருந்த பெண்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். "இவிங்க ஊட்டுப் பெரியம்மா இருக்கறாங்களே, சும்மா இல்ல. புருசன் செத்தும் சத்திரத்தை உடல. வந்தவங்களுக்கெல்லாம் சும்மா சோறு."

திருநெல்வேலி நண்பரின் மகள் பக்கத்தில் இருந்தாள். கல்லூரியில் படிக்கிறவள், இங்கேயே பிறந்தவள். தமிழ் எல்லாம் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். அவள் என் மருமகளைப் பார்த்து, "வாவ், ஏழைங்களுக்கு ஃப்ரீயா சாப்பாடு போட்டாங்களாமே உங்க ஃபேமிலி! ஸோ கூல்!" என்ற பொருளில் ஆங்கிலத்தில் சொன்னாள்.

மருமகள் சிரித்தாள். "ஃப்ரீயா? எதுவும் ஃப்ரீ இல்லை. அது பப். பீர் விற்றார்கள்."

பீர் என்ற சொல்லுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. அக்காவின் கை வளையலோடு நின்றது. "என்னம்மா சொல்லுது புள்ள?" என்று நண்பரின் மகளிடம் கேட்டாள். அந்தப் பெண் மாட்டிக்கொண்ட முகத்தோடு என்னைப் பார்த்தாள். ஒரு ஆன்ட்டி, "என்ன அங்கிள், நீங்க சத்திரம்னுதானே சொன்னீங்க?" என்றாள். நண்பர், நிலைமையைச் சமாளிப்பதாக நினைத்து, "சத்திரம்னா தாகத்துக்குத் தண்ணி குடுக்கறது வழக்கந்தானே," என்றார். இரண்டு பேர் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

அக்கா மருமகளின் கையை விடவில்லை. மீதி வளையல்களையும் போட்டாள். சந்தனம் பூசினாள், குங்குமம் வைத்தாள், ஆரத்தி எடுத்தாள். எதையும் குறைக்கவில்லை. பிறகு எழுந்து சாப்பிடாமல் மாடிக்குப் போய்விட்டாள். மருமகள் நாற்காலியில் அப்படியே இருந்தாள். இரண்டு வருடத்துக்கு முந்தைய அந்தச் சாப்பாட்டு மேசையை அவள் மனத்துக்குள் மறுபடி ஓட்டிப் பார்க்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. விருந்தினர் ட்ரேக்களை மூடத் தொடங்கியபோது அவள் என்னிடம் கேட்டாள்: "அவர்கள் என்னை மன்னித்ததாக நினைத்தேனே மாமா. அவர்களுக்குத் தெரியவே தெரியாதா?"

தெரியாது என்றேன்.

"என் பாட்டியைப் பற்றி உங்களுக்கு வெட்கமா? என்னைப் பற்றியுமா?"

முப்பது வருடம் ஆங்கிலத்தில் வேலை பார்த்தவன் நான். ட்ரேக்களை மூடுகிறவர்களுக்கு உதவப் போனேன்.

அதன்பிறகு அவள் சண்டை போடவில்லை. வந்தாள், போனாள், சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். ஆனால் சனிக்கிழமை வந்தபோது கூப்பிடவில்லை. நான் ஷூ போட்டுக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தேன். அவள் அந்த வயிற்றோடு தானே டிரைவ் பண்ணிக்கொண்டு போய்விட்டதாக மகன் போனில் சொன்னான். "அப்பா, அவகிட்ட நீங்களே பேசுங்க. என்னை நடுவுல இழுக்காதீங்க," என்றான். நடுவில் இருப்பதன் கஷ்டம் எனக்குத் தெரியாததல்ல.

அக்காவோ வளைகாப்புக்கு மறுநாள் காலையிலேயே கேட்டுவிட்டாள். காபி ஆற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல். "பந்தல்ல பேரெழுதி வெச்சனே, அப்பவாச்சும் ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கோணுமில்லடா தம்பி? உங்கத்தான் பேரை எடுத்துப்போட்டு எழுதுனேன். குடிச்சுச் செத்தவன் பேரை எடுத்துட்டு, ஊத்திக் குடுத்தவ பேரை எழுதியிருக்கறேன். மேல இருந்து சிரிச்சிருப்பாரு மனுசன்."

"தப்புத்தாங்க்கா."

"எங்கிட்டச் சொல்றது கெடக்கட்டும். அந்தப் புள்ளைய எதுக்குடா பொய்க்காரி ஆக்குன? இத்தன பேத்துக்கு முன்னால அவ பேசுனது நெசம், நான் பேசுனது பொய்யி. ஆனா எல்லாரும் அவளையல்லோ பொய்க்காரியாட்டம் பாத்தாங்க?"

பரிகாரம் என்று நான் பெரிதாக எதையும் செய்யவில்லை. செய்யத் தெரிந்தது ஒன்றுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை மருமகளைப் போய் அழைத்துவந்து, அதே சாப்பாட்டு மேசையில் அக்காவுக்கு எதிரே உட்காரவைத்தேன். அன்று அவள் சொன்னதையெல்லாம் மறுபடி சொல்லச் சொன்னேன். நான் எதையும் விடாமல் சொல்கிறேன் என்றேன். அவள் என்னை நம்பாத கண்ணோடுதான் தொடங்கினாள். பீப்பாய் என்றாள், பீப்பாய் என்றேன். கவுன்டர் என்றாள், சாராயக்கடைக் கவுன்டர் என்றேன். படியில் விழுந்த கணவன் குடித்திருந்தானா என்பது யாருக்கும் தெரியாது என்றாள், அதையும் சொன்னேன். நான் அன்று எதை மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்பதையும் இரண்டு மொழியிலும் ஒருவர் பின் ஒருவருக்குச் சொன்னேன். ஒரே குற்றத்தை இரண்டு தடவை ஒப்புக்கொள்வது இரண்டு மடங்கு கஷ்டம் என்று நினைத்திருந்தேன். இரண்டாவது தடவை கொஞ்சம் எளிதாகத்தான் இருந்தது.

அக்கா கடைசிவரை கேட்டாள். பிறகு, "படத்துல இருக்கறவ குடிப்பாளா?" என்று கேட்டாள். குடிக்கமாட்டாள் என்றேன். "கெட்டிக்காரிதான். புள்ளைங்களையும் காப்பாத்தியிருக்கறா. அதுல நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல." பிறகு மேசையின் குறுக்கே மருமகளை நேராகப் பார்த்தாள். "ஒண்ணே ஒண்ணு கேளு. சம்பளத்தன்னைக்குக் குடிக்க வந்தவன் பொண்டாட்டி எவளாச்சும் வாசல்ல வந்து நின்னிருப்பாளல்ல? அவகிட்ட இவ என்ன சொல்லி அனுப்புனா? கேளு."

நான் தயங்கினேன். நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருக்கும் பெண். கேள்வியை எந்தப் பக்கமாகப் பிடித்துக் கொடுத்தால் கீறாது என்று என் மூளை பழக்கத்தில் தேடியது. மருமகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா," என்றாள். "சரிசெய்யாதீர்கள். அப்படியே சொல்லுங்கள்."

அப்படியே சொன்னேன். அக்காவும் அப்படி ஒரு வாசலில் நின்றவள் என்பதையும், கடைக்காரன் என்ன சொன்னான் என்பதையும் அக்காவின் அனுமதி கேட்டு, அவள் தலையசைத்த பிறகு, சொன்னேன்.

மருமகள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கைவளைகள் லேசாகச் சத்தமிட்டன. "எனக்குத் தெரியாது," என்றாள் கடைசியில். "நான் அவளை மட்டும்தான் தேடினேன். வாசலுக்கு வெளியே பார்க்கவே இல்லை." அக்கா அதைக் கேட்டுவிட்டு, "சரி," என்றாள். எழுந்துபோய் அவளுக்கு ஒரு தட்டில் ரவா உப்புமா போட்டுக்கொண்டு வந்தாள். அவ்வளவுதான். கட்டிப்பிடித்து அழுகை ஒன்றும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை காலையில் போன் வந்தது. "மாமா, அந்தக் கையெழுத்தை என்னால் படிக்க முடியவில்லை. வருகிறீர்களா?"

அன்று முதல் நாங்கள் அவள் குடும்பத்தைத் தேடவில்லை; அந்தத் தெருவைத் தேடினோம். பப் இருந்த முனையிலிருந்து தொடங்கி, வீடு வீடாக, கணக்கெடுப்பாளன் நடந்த வழியே. நூற்பாளர், நெசவாளர், கரி வண்டி ஓட்டுபவன், துணி வெளுப்பவள். எத்தனை வீடுகளில் குடும்பத் தலைவர் என்ற இடத்தில் பெண்ணின் பெயர் இருந்தது என்பதை முன்பு நாங்கள் கவனித்ததே இல்லை. ஒரு நூற்பாளனும் மனைவியும் நாலு பிள்ளைகளும் பப்புக்கு எதிர்வரிசையில் இருந்தார்கள். அடுத்த கணக்கெடுப்பில் அந்த வீட்டில் வேறு யாரோ. மருமகள் விடவில்லை. குழந்தை பிறந்து, அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே பார்த்தாள். கடைசியில் அந்த மனைவியை நகரத்து ஏழைகள் விடுதியின் பட்டியலில் கண்டோம். கூடவே இரண்டு பிள்ளைகள்தான் இருந்தார்கள். கணவன் இல்லை. மற்ற இரண்டு பிள்ளைகளும் இல்லை. குடிதான் காரணம் என்று அந்தத் தாள் சொல்லவில்லை. இல்லையென்றும் சொல்லவில்லை. ஆலையில் வேலை போயிருக்கலாம், காய்ச்சல் வந்திருக்கலாம். திரையில் அந்தப் பெயரைப் பார்த்தபடி மருமகள் கைப்பிடியைச் சுழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். பின்னால் காத்திருந்த ஒரு வயதான அம்மாள் செருமினாள்.

அதை அக்காவிடம் சொல்ல வேண்டும் என்றாள். காலிங் கார்டு எண்களை எல்லாம் அழுத்தி ஸ்பீக்கரில் போட்டேன். அவள் சொன்னதை வரி வரியாக நான் தமிழில் சொன்னேன். முடிவில் அவளே, மகனிடம் கேட்டுப் பாடம் பண்ணியிருந்த ஒரு வாக்கியத்தைத் தமிழில் சொன்னாள்: "அவங்க வாசல்ல நின்னாங்களான்னு தெரியல அத்தை. இவங்க என்ன சொன்னாங்கன்னும் தெரியல."

கடல் தாண்டி வருகிற குரல் கொஞ்சம் பிந்தித்தான் வரும் அந்தக் காலத்தில். "தெரியலைன்னு சொன்ன பாரு, அது போதுங்கண்ணு," என்றாள் அக்கா. "உங்க மாமனா இருந்தா, இந்தம்மா அவளை உள்ள கூப்புட்டு ஒக்கார வெச்சுச் சோறு போட்டான்னு சொல்லியிருப்பான்."

நான் அதையும் மொழிபெயர்த்தேன். மருமகள் அவ்வளவு சத்தமாகச் சிரித்து அதற்கு முன் நான் கேட்டதில்லை. குழந்தை விழித்துக்கொண்டது.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். சனிக்கிழமைகள் திரும்பி வந்தன. நம்பிக்கை முழுதாகத் திரும்பி வரவில்லை. வரவேண்டியதும் இல்லை. அடுத்த செப்டம்பரில் அவள், ஞாயிற்றுக்கிழமைகளில் சமூகக் கூடத்தில் நம் பிள்ளைகளுக்கு நடக்கும் தமிழ் வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். ஆறு வயதுக் குழந்தைகளுக்கு நடுவில், முழங்கால் மேசையில் இடிக்க, அணில் ஆடு இலை என்று எழுதினாள். "நானே சொல்லித்தருவேனே," என்றேன். "வேண்டாம் மாமா," என்றாள், மிகவும் மரியாதையாக. காரணத்தை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வகுப்பில் எழுத்து வந்தது; பேச்சு அக்காவிடமிருந்து போனில் வந்தது. ஆகையால் அவளுடைய தமிழ் முழுக்கக் கோயம்புத்தூர்த் தமிழாகவே வளர்ந்தது. கடையில் நம் ஆட்களைப் பார்த்து அவள் 'வாங்க' என்பதைக் கோயம்புத்தூர் இழுப்போடு 'வாங்' என்றால் திரும்பிப் பார்ப்பார்கள்.

அக்கா இறந்து இப்போது பல வருடம் ஆகிறது. பேத்தி கல்லூரி முடித்து வேலைக்கும் போய்விட்டாள். எனக்கு நினைவில் நிற்பது இரண்டாயிரத்தொன்றில் ஒரு வாரநாள் காலை. மகன் வீட்டில் பேத்தியைப் பார்த்துக்கொள்ளப் போயிருந்தேன். உள்ளறையில் மருமகள் ஊருக்குப் போன் போட்டுப் பேசிக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கர் இல்லை. கதவு பாதி மூடியிருந்தது. முதலில் தணிந்த குரல், பிறகு நீண்ட மௌனம், பிறகு சிரிப்பு, பிறகு மறுபடி தணிந்த குரல். நடுநடுவே 'அப்புறம்?' என்றும் 'அய்யோ சாமி' என்றும் மட்டும் என் காதில் விழுந்தது. அன்றுதான் முதல்முறையாக அந்த இரண்டு பேரும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது எனக்குத் தெரியவில்லை.

அவள் வெளியே வந்து, போனை வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரித்து வந்த கண்ணீரா வேறா என்று பிடிபடவில்லை.

"அக்கா என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

அவள் பேத்தியை என் மடியிலிருந்து தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அதெல்லாம் உங்களுக்கெதுக்குங் மாமா?"